சாக்லேட் ஜாம் பார் சரியாக வரவில்லையா? வேலூர் வெயிலில் கோளாறு தேடும் வழி

அடியில் வெண்ணெய் பிஸ்கட், நடுவில் பழ ஜாம், மேலே பிரவுனி போன்ற கனமான சாக்லேட் மாவு. மூன்றையும் ஒரே டின்னில் அடுக்கி வேகவைத்து, ஆறியதும் சதுரம் சதுரமாக வெட்டினால் சாக்லேட் ஜாம் பார். கேக் மாதிரி உப்ப வேண்டியதில்லை, க்ரீம் பூச வேண்டியதில்லை. அதனால் சுலபம் என்று நினைத்துத்தான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். வெட்டிப் பார்த்தால் அடி சொதசொதவென்று இருக்கிறது, இல்லாவிட்டால் மேலே எண்ணெய் மிதக்கிறது.

சத்துவாச்சாரியில் எங்கள் தெருப் பெண்கள் யாராவது ஒரு துண்டைக் கிண்ணத்தில் வைத்து எடுத்துவந்து, "அக்கா, இது ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான். ஜாம் எவ்வளவு இறுகியிருந்தது? எத்தனை மணிக்குச் செய்தாய்? பெரும்பாலான கோளாறுகளுக்கு விடை அந்த இரண்டு பதில்களிலேயே கிடைத்துவிடும்.

மணியை ஏன் கேட்கிறேன் என்றால், வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். ஓவன் ஓடுகிற அடுப்படிக்குள் மதியத்தில் 36, 38 டிகிரி இருக்கும். நாம் பார்த்துச் செய்கிற செய்முறைகளில் பல குளிர்தேசத்துச் சமையலறையில் எழுதப்பட்டவை. 'வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்' என்று அவர்கள் எழுதினால் ஏறக்குறைய 20 டிகிரி என்று பொருள். நமக்கு அது தை மாத விடியற்காலையில்தான் கிடைக்கும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய்க்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். சித்திரை மதியத்தில் மேடைமேல் எடுத்துவைத்த வெண்ணெய் 'மெத்தென்று' ஆவதற்கு முன்பே எண்ணெயாகிவிடுகிறது. அதனால் கோடையில் நான் காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து, ஏழரைக்குள் ஓவனை அணைத்துவிடுவேன்.

இனி சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான். 20 சென்டிமீட்டர் சதுர டின். அடிக்கு மைதா 150 கிராம், சோள மாவு (வெள்ளையான கார்ன்ஃப்ளோர்) 20 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. நடுவில் இறுகின ஜாம் 200 கிராம். மேலே டார்க் சாக்லேட் 120 கிராம், வெண்ணெய் 80 கிராம், பொடித்த சர்க்கரை 120 கிராம், முட்டை 2, மைதா 50 கிராம், கோகோ பவுடர் 15 கிராம். அடியை மட்டும் முதலில் 170 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் வேகவிட்டு, ஆறியபின் ஜாம் தடவி, சாக்லேட் மாவை ஊற்றி, அதே சூட்டில் இன்னும் 22 முதல் 25 நிமிடம். தயவுசெய்து டம்ளர் கணக்கு வேண்டாம். ஒரு டம்ளர் மைதாவை அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தூவி அள்ளினால் வேறு எடை. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் பாதிக் கவலை தீரும்.

அடி சொதசொதவென்று இருக்கிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். முதலில் ஒரு துண்டைப் பக்கவாட்டில் பாருங்கள். அடி முழுவதும் வெளிறி, பச்சை மாவு வாசனை வந்தால் அடியைத் தனியாக முன்கூட்டியே வேகவைக்கவில்லை, அல்லது போதிய நேரம் வைக்கவில்லை என்று பொருள். ஓரம் இளம் பொன்னிறமாகும்வரை அதைத் தனியாக வேகவிட்டே ஆக வேண்டும். ஜாமும் சாக்லேட் மாவும் மேலே ஏறிவிட்டால் அதன்பிறகு அடிக்குச் சூடு எட்டாது.

அடியின் கீழ்ப்பாதி நன்றாக வெந்து, ஜாமை ஒட்டிய மேல்பாதி மட்டும் களி மாதிரி இருந்தால் ஜாம்தான் காரணம். இறுகாத ஜாமில் சர்க்கரையோடு கட்டுப்படாத தண்ணீர் இருக்கிறது. சூடு பட்டதும் அது கீழே இறங்கி பிஸ்கட்டை ஊறவைக்கிறது.

ஜாம் கெட்டிப்படுவதற்கு மூன்று விஷயங்கள் சேர வேண்டும். பழத்தில் இயற்கையாக இருந்து ஜாமை இறுகவைக்கும் பெக்டின் என்கிற நார்ப்பொருள், புளிப்பு, சர்க்கரை. பழத்தின் சொந்தச் சர்க்கரையையும் சேர்த்து, மொத்த எடையில் 65 சதவீதத்துக்கு அருகில் வர வேண்டும். உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக் கிளறுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் எண்ணம் நல்லதுதான், ஆனால் அந்த ஜாம் ரொட்டியில் தடவத்தான் ஆகும், பாரின் நடுவில் நிற்காது. இனிப்பைக் குறைக்க வேண்டுமென்றால் ஜாம் அடுக்கை மெல்லிசாக்குங்கள், ஜாமின் சர்க்கரையில் கைவைக்காதீர்கள்.

வீட்டில் கிளறும்போது எடையை வைத்தே பதம் தெரிந்துகொள்ளலாம். 1 கிலோ பழக்கூழுக்கு 750 கிராம் சர்க்கரை, 2 எலுமிச்சம்பழச் சாறு. அடுப்பில் ஏற்றும்போது ஏறக்குறைய 1.75 கிலோ. அது 1.3 கிலோவுக்கு இறங்கும்போது பதம் வந்திருக்கும். வெறும் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துவைத்துக்கொண்டால் போதும். இரும்புச் சட்டியிலும் அலுமினியத்திலும் வேண்டாம், புளிப்புக்கு உலோக வாடை ஏறும். அடி கனத்த எவர்சில்வர் பாத்திரமே நல்லது.

எடை பார்க்க வசதியில்லையா, தட்டுச் சோதனை இருக்கிறது. அதிரசத்துக்குப் பாகு பார்க்கத் தெரிந்த வீடுகளில் இது ஒன்றும் புதிதாக இருக்காது. ஒரு சின்ன எவர்சில்வர் தட்டைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு (இதை மறக்கக் கூடாது, நாம் சோதித்துக்கொண்டிருக்கும்போதே ஜாம் பதம் தாண்டிப் போய்விடும்) அரை ஸ்பூன் ஜாமை அந்தத் தட்டின் நடுவில் விட்டு, ஒரு நிமிடம் மறுபடியும் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்து, ஆள்காட்டி விரலால் ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளுங்கள். மேல்பரப்பு பாலாடை மாதிரிச் சுருங்கி மடிந்தால் பதம். விரல் போன தடம் மூடாமல் தட்டின் பளபளப்பு கோடாகத் தெரிய வேண்டும். தடம் உடனே மூடிக்கொண்டால் இன்னும் மூன்று நிமிடம் கொதிக்கட்டும். தட்டைச் சாய்த்ததும் ஜாமைச் சுற்றி மெல்லிய நீர் வளையம் ஓடினால் இன்னும் நிறையக் கிளற வேண்டியிருக்கிறது.

தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் 104, 105 டிகிரியில் நிறுத்தலாம். அந்தக் கணக்கு தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிற சமவெளிக்கு உரியது. ஏலகிரி மாதிரி ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிற ஊரில் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே 105 வரட்டும் என்று காத்திருந்தால் ஜாம் கல்கண்டாகிவிடும். உங்கள் வீட்டில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறதோ அதிலிருந்து 4 அல்லது 5 டிகிரி மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழத்துக்குப் பழம் சுபாவம் வேறு. கொய்யாவில் பெக்டின் தாராளம், சீக்கிரம் இறுகும். கொட்டையை வடித்து எடுக்கும் வேலைதான். விளாம்பழமும் அப்படியே. அதன் புளிப்பும் லேசான துவர்ப்பும் டார்க் சாக்லேட்டுக்கு அவ்வளவு பொருத்தம். விநாயகர் சதுர்த்தி முடிந்த வாரத்தில் நேதாஜி மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும்போது நான் இரண்டு பாட்டில் கிளறி வைத்துவிடுவேன். நாவல்பழம் நிறத்துக்கும் சுவைக்கும் அருமை. கம்பத்திலிருந்து வரும் பன்னீர் திராட்சை தோலோடு வேகவைத்து வடிகட்டினால் நல்ல ஊதா நிற ஜாம் தரும், ஆனால் கொஞ்சம் தளர்ச்சி; எலுமிச்சை கூடுதலாக வேண்டும். நன்றாகப் பழுத்த மாம்பழத்தில் இனிப்பு இருக்கும், புளிப்பு போதாது. பாதி செங்காயும் பாதிப் பழமுமாகப் பெங்களூரா சேர்த்தால் எலுமிச்சையே கம்மியாகப் போதும். அன்னாசி சாறு விடுகிற பழம், பொறுமை வேண்டும். பலா, பப்பாளி இரண்டையும் தனியாக நம்ப வேண்டாம், கொய்யாக்கூழ் கால் பங்கு கலந்துகொள்ளுங்கள்.

கடை ஜாமா? பாட்டிலில் பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஓவன் சூட்டில் இளகிவிடும். 250 கிராம் எடுத்து ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, சிறு தீயில் கிளறி 220 கிராம் ஆக்குங்கள். அதில் 200 கிராம் போதும், மிச்சம் குழந்தைகளுக்கு.

கடைசியாக ஒன்று. ஜாமும் ஆறியிருக்க வேண்டும், அடியும் ஆறியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று சூடாக இருந்தாலும் ஆவி நடுவில் மாட்டிக்கொண்டு தண்ணீராக மாறும்.

ஜாம் ஓரத்தில் வழிந்து கரிந்து, டின்னை விட்டு வரவில்லை

ஜாமை ஓரம்வரை இழுத்துத் தடவியிருப்பீர்கள். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் விட்டுத் தடவுங்கள், சாக்லேட் மாவு அந்த இடைவெளியில் இறங்கி அணை கட்டிவிடும். பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் டின்னுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போட்டால் மொத்தமாகத் தூக்கிவிடலாம். ஏற்கெனவே ஒட்டிப்போன டின்னைச் சுரண்டாதீர்கள். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறினால் சர்க்கரை தானாகக் கரையும்.

அடி உதிராமல் கல் மாதிரிக் கடிக்கிறது, அல்லது எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறது

இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே. வெண்ணெய் உருகிவிட்டது. உருகிய வெண்ணெயில் மாவு தளர்ந்து பிசுபிசுக்கும், அதைச் சரிசெய்ய இன்னும் மைதா போடுவோம், சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைவோம், கெட்டியாகிவிடும். இந்த மாவைப் பிசையவே கூடாது. வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டி, மைதாவோடு மிக்சியில் விட்டு விட்டு நான்கைந்து சுற்று. ரவை மாதிரி உதிரியாக வரும். ஒரு பிடியை அழுத்தினால் கொழுக்கட்டை போல ஒட்டி நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அப்படியே டின்னில் கொட்டி, கிண்ணத்தின் அடியால் அழுத்தி, 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து நேராக ஓவனுக்கு. மே மாதத்தில் மைதாவையும் மிக்சி ஜாரையும்கூட முன்னிரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன்.

வீட்டில் கடைந்த வெண்ணெயோ மார்க்கெட் நாட்டு வெண்ணெயோ என்றால் அதில் மோர்த்தண்ணீர் கூடுதலாக இருக்கும். கடை பாக்கெட் வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். கடைந்த வெண்ணெயில் அந்தத் தண்ணீர் இன்னும் அதிகம், அதனால் மாவு இறுகிப்போகிறது. குளிர்ந்த வெண்ணெயைக் கையால் நன்றாகப் பிழிந்து, துணியில் ஒற்றி எடுத்துப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் உறைந்த நெய் 80 கிராம் போட்டுவிடலாம். நெய்யில் தண்ணீரே கிடையாது, நெய் பிஸ்கட் போல வாயில் கரையும். நெய் வாசம் ஓங்கி நிற்கும்தான். கொய்யா ஜாமோடு எனக்கு அது பிடிக்கும், நாவல்பழத்தோடு பிடிக்காது.

சாக்லேட் உருகும்போது கட்டி தட்டி, மணல் மாதிரி ஆகிவிட்டது

ஒரு சொட்டுத் தண்ணீர் போதும் இதற்கு. ஈரக் கரண்டி, கொதிக்கிற தண்ணீரின் ஆவி, கிண்ணத்தை மூடிய தட்டிலிருந்து விழுந்த சொட்டு, ஏதோ ஒன்று. சாக்லேட்டில் இருக்கும் சர்க்கரையும் கோகோத் துகளும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தூக்கிப் போட வேண்டாம். கொஞ்சம் தண்ணீரால் கெட்டது, இன்னும் கொஞ்சம் தண்ணீரால் சரியாகும். சூடான பாலோ வெந்நீரோ ஒரு ஸ்பூன் விட்டு நன்றாகக் கலக்குங்கள், அடுத்து இன்னொரு ஸ்பூன். 120 கிராம் சாக்லேட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்குள் மறுபடியும் வழவழப்பாகிவிடும். மாவில் சேர்க்க அது போதும்.

இனிமேல் வராமலிருக்க, தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் வெண்ணெயையும் சாக்லேட்டையும் சேர்த்தே உருக்குங்கள். கீழ்ப்பாத்திரத்துத் தண்ணீர் மேல்கிண்ணத்தின் அடியைத் தொடக் கூடாது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடலாம், நம் ஊர்ச் சூட்டுக்கு அந்த ஆவியே மிச்சம்.

மேல் மாவில் எண்ணெய் பிரிந்து நிற்கிறது

சாக்லேட் கலவை அதிகச் சூடாக இருக்கும்போது முட்டையைச் சேர்த்தால் இப்படி ஆகும். விரல் வைத்தால் வெதுவெதுப்பாக, குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர் அளவுக்கு இருக்க வேண்டும். பனிக்காலத்தில் ஐந்து நிமிடத்தில் வருகிற இந்த வெதுவெதுப்பு கோடையில் இருபது நிமிடம் ஆனாலும் வராது. கிண்ணத்தை ஈரத்துணி மேல் வைத்துக் கிளறுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்று முழுவதும் கலந்தபின் அடுத்ததைச் சேர்க்க வேண்டும். பிரிந்தே போய்விட்டதா? வெதுவெதுப்பான பால் ஒரு ஸ்பூன் விட்டு ஒரே திசையில் வேகமாகக் கலக்கினால் மறுபடியும் மினுமினுவென்று சேர்ந்துவிடும். இதை ஓவனில் வைப்பதற்கு முன்பு செய்ய வேண்டும். வெந்தபிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, மேலே பூத்த எண்ணெயைக் காகிதத்தால் ஒற்றி எடுக்கலாம்.

பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் அது காம்பவுண்டு சாக்லேட். வெயிலில் நன்றாக நிற்கும், விலையும் கம்மி. மேலே பூசுவதற்கு அதைக் குறை சொல்லமாட்டேன். மாவுக்குள் போடும்போது மட்டும் நாக்கில் மெழுகு மாதிரி ஒரு படலம் தங்கும். இனிப்பும் தூக்கலாக இருக்கும். இந்த பாருக்குக் கோகோ வெண்ணெய் இருக்கிற டார்க் சாக்லேட்டே வாங்குங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கருகுகிறது, உள்ளே வேகவில்லை

சின்ன ஓடிஜிகளில் (மேடைமேல் வைக்கிற மின்சார ஓவன்) மேல்கம்பி டின்னுக்கு மிக அருகில் இருக்கும். கீழ்த்தட்டில் வையுங்கள், கீழ்க்கம்பியோ இரண்டு கம்பியுமோ எரியட்டும். 15 நிமிடம் ஆனதும் மேலே ஃபாயில் ஒன்றைத் தளர்வாக மூடுங்கள்.

முள் காட்டுகிற சூட்டை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. என் முதல் ஓடிஜி 170-ல் வைத்தால் உள்ளே 200 டிகிரிக்கு மேல் ஓடியது. ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதற்குள் எத்தனையோ தட்டு வீணாகியிருந்தது. தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு சோதனை. சர்க்கரை 186 டிகிரி அருகில் உருகும். ஃபாயிலைச் சின்னக் கிண்ணமாக மடித்து ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில் முள்ளை 175-ல் வைத்து 15 நிமிடம் விடுங்கள். உருகினால் உங்கள் ஓவன் காட்டுவதைவிடச் சூடு அதிகம். 190-ல் வைத்தும் 15 நிமிடத்தில் உருகவில்லை என்றால் சூடு குறைவு.

மாலையில் செய்கிறவர்களுக்கு வேறொரு சிக்கல். கோடையில் ஏழு மணிக்கு மேல் தெருவெல்லாம் ஏசி ஓட ஆரம்பித்ததும் மின்னழுத்தம் இறங்கும். 230 வோல்ட் 190 ஆனால் கம்பியின் சக்தி ஆறில் ஒரு பங்கு குறையும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை, சக்தி மின்னழுத்தத்தின் இருமடியில் போகும், அதனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கதவைத் திறந்து மூடியபின் ஓவன் மறுபடி சூடேற வெகுநேரம் பிடிக்கும், மாவு வேகாமல் உருகி வழியும். காலையில் வைத்தால் வந்து, மாலையில் வைத்தால் வராத பார் என்றால் இதுதான் காரணம்.

ஓவனே இல்லாமல் குக்கரில் வைப்பவர்கள் கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, அடியில் உப்போ மணலோ பரப்பி, வளையம் வைத்து அதன்மேல் டின்னை வைக்கலாம். மேலே கம்பிச் சூடு கிடையாது என்பதால் அடி சிவக்கும், மேலே ஈரமாகவே இருக்கும். அடியைத் தனியாக வேகவைக்க மட்டும் குக்கர் நன்றாக உதவும். அதன்மேல் ஜாம் தடவி, வேகவைக்கத் தேவையில்லாத கனாஷை ஊற்றிவிடுங்கள். டார்க் சாக்லேட் 200 கிராம், ஃப்ரெஷ் க்ரீம் 100 கிராம். க்ரீமைக் கொதிநிலைக்குச் சற்று முன் இறக்கி, நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி, மூன்று நிமிடம் தொடாமல் விட்டுப் பிறகு நடுவிலிருந்து கலக்குங்கள். முட்டை சேர்க்காத வீடுகளுக்கும் இதையே சொல்வேன். தயிர், பழம் என்று முட்டைக்கு மாற்றுத் தேடி இந்த மாவை வருத்துவதைவிட இது எத்தனையோ மேல்.

மேல் அடுக்கு கேக் மாதிரிக் காய்ந்து உதிர்கிறது

பல் குத்தும் குச்சியைக் குத்திப் பார்த்து, ஒட்டுகிறது ஒட்டுகிறது என்று திரும்பத் திரும்ப ஓவனுக்குள் தள்ளியிருப்பீர்கள். ஒட்டியது மாவு அல்ல, ஜாம். இது எல்லோரையும் ஏமாற்றும் இடம். குச்சியை நேராகக் குத்தாமல் சாய்த்து, சாக்லேட் அடுக்குக்குள் மட்டும் போகிறமாதிரிக் குத்துங்கள். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஜாம் என்றால் கண்ணாடி மாதிரி மினுங்கும், இரண்டு விரலால் தொட்டுப் பிரித்தால் நூல் இழுக்கும். வேகாத மாவு என்றால் மங்கலாக, சேறு மாதிரிப் பூசிக்கொள்ளும். சரியான பதத்தில் குச்சியில் ஈரத்துணுக்குகள் இரண்டு மூன்று ஒட்டியிருக்கும். அங்கேயே நிறுத்துங்கள். ஓரம் இறுகி, நடு லேசாக அதிர்கிறபோதே எடுத்துவிட வேண்டும், டின்னின் சூட்டில் மிச்சம் தானாக வேகும். குச்சி சுத்தமாக வருவது கேக்குக்குச் சரி, இதற்கு அது தாமதம்.

மேலே உப்பி நடுவில் குழி விழுந்ததா? பேக்கிங் பவுடர் போட்டிருப்பீர்கள், அல்லது முட்டையை நுரைக்க அடித்திருப்பீர்கள். இரண்டும் வேண்டாம்.

வெட்டும்போது நொறுங்குகிறது, அடுக்கு பிரிகிறது

மைசூர்பாகைச் சூட்டோடு கீறிப் பழகிய கை நமக்கு. இதற்குக் கணக்கு நேர்மாறு. டின்னிலேயே முழுக்க ஆறி, பிறகு மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்து, அப்புறம்தான் கத்தி. நீளமான கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, அறுக்காமல் ஒரே அழுத்தாக இறக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும். சாக்லேட் அடுக்கு மட்டும் தட்டாகக் கழன்று வந்தால், ஜாமைத் தடவி வெகுநேரம் விட்டு அது ஆடை கட்டியபின் மாவை ஊற்றியிருப்பீர்கள். தடவிய ஜாமின் மேல் முள்கரண்டியால் கோடு கோடாகக் கீறிவிட்டு ஊற்றினால் பிடித்துக்கொள்ளும்.

தித்திப்பு திகட்டுகிறது, சாக்லேட் ருசியே தெரியவில்லை

ஆற்காடு மக்கன் பேடாவைச் சாப்பிடும்போது பாகின் இனிப்புக்கு நடுவில் முந்திரி, பாதாம் கடிபடுகிற இடத்தில்தான் நாக்கு மூச்சுவிடும். அதே யோசனை இங்கேயும் உதவும். வறுத்து உடைத்த முந்திரியோ வேர்க்கடலையோ ஒரு பிடி ஜாம் மேல் தூவுங்கள். சாக்லேட் மாவில் உப்பு இரண்டு சிட்டிகை. அதோடு முதல் டிகாக்ஷன் ஒரு மேசைக்கரண்டி. காபி ருசி தெரியாது, சாக்லேட் இன்னும் ஆழமாகத் தெரியும். தண்ணீர் கலந்த இரண்டாம் டிகாக்ஷன் வேண்டாம், மாவுதான் தளரும். ஜாமில் எலுமிச்சை இன்னும் அரை மூடி போகலாம்.

மேலே வெள்ளை பூத்திருக்கிறது

வெந்த மாவில் இது வராது, கனாஷ் அல்லது தனிச் சாக்லேட் பூசியவர்களுக்கு வரும். தொட்டால் வழவழவென்று இருந்து, விரல் சூட்டில் மறைந்தால் கொழுப்பு உருகி மறுபடியும் உறைந்தது. வெயிலில் இளகி, ஃப்ரிட்ஜுக்குப் போய் வந்ததன் அடையாளம். நறநறவென்று இருந்து மறையாவிட்டால் சர்க்கரை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் மேலே வியர்த்த நீரில் சர்க்கரை கரைந்து, காய்ந்து படிந்தது. இரண்டுமே சாப்பிடக் கெடுதல் இல்லை. வியர்க்காமல் இருக்க, டப்பாவை மூடியபடியே வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறக்க வேண்டும்.

பூஞ்சை பூத்துவிட்டது என்றால் அது வேறு விஷயம். பூத்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமா என்று அத்தை வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். கூடாது, முழு டப்பாவையும் கொட்டிவிட வேண்டும். சூடு ஆறுவதற்கு முன் மூடியிருந்தாலும், சர்க்கரை குறைந்த ஜாம் என்றாலும் சீக்கிரம் பூக்கும். பனிக்காலத்தில் வெளியே மூன்று நாள் தாங்கும். கத்திரி வெயிலில் அன்றைக்கு ஒரு நாள்தான், பிறகு ஃப்ரிட்ஜில் ஐந்து நாள். கனாஷ் ஊற்றியது என்றால் எப்போதும் ஃப்ரிட்ஜ்தான்.

ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் துண்டுகளை முந்தின இரவு ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டு, ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, எவர்சில்வர் தூக்கில் அடுக்கி, தூக்கை ஈரமில்லாத பருத்தித் துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். காலை ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறினால், திருவண்ணாமலையில் இறங்கித் திறக்கும்போது வெட்டினது வெட்டினபடி இருக்கும்.